இரண்டாம் கோப்பையால் பயன் உண்டா?

முதலாண்டு இளங்கலை வகுப்பில் "வாய்ப்புச் செலவு" என்னும் கருத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றைப் பெறுவதற்காக நாம் கைவிடும் மற்றொன்றே அதன் உண்மையான விலை என்று கூறி முடித்ததும், பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் அணி 2023இல் ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்றது. ஆனால் முந்தைய ஆண்டு லீக்கில் ஏழாவதாக இருந்த அவ்வணி, அவ்வாண்டு பதினான்காம் இடத்திற்குச் சரிந்தது. இது இலாபமா, நட்டமா?" என்று வினவினார்.

கால்பந்தாட்டத்தில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. ஆதலால் சற்றும் தயங்காமல், "நட்டமே" என்று விடையிறுத்தேன். மணி அடித்தது, வகுப்பு கலைந்தது. ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. கணக்கைப் போட்டுப் பார்க்காமலே தீர்ப்பு வழங்கிவிட்டேனோ என்ற ஐயம் எழுந்தது. அக்கணக்கை ஈண்டு முறையாகப் போட்டுப் பார்க்க விழைகிறேன்.

போட்டிகளின் வரலாறு

ஐரோப்பிய நாடுகளின் லீக் வெற்றியாளர்கள் தம்முள் மோதும் ஐரோப்பியக் கோப்பை 1955இல் தொடங்கிற்று. அவ்வாண்டின் இங்கிலாந்து வெற்றியாளரான செல்சி அணி அதில் கலந்துகொள்ளவில்லை. உள்நாட்டு ஆட்டங்களுக்கு இடையூறு நேரும் எனக் கருதிய லீக் நிர்வாகம் தடுத்துவிட்டது. நாம் இன்று எழுப்பும் வினா அன்றே பிறந்துவிட்டது என்பது இதனால் புலனாகும்.

அதே ஆண்டில், வணிகப் பொருட்காட்சிகள் நடைபெறும் நகரங்களுக்கென ஃபேர்ஸ் கோப்பை தோன்றிற்று. 1960இல், உள்நாட்டுக் கோப்பைகளை வென்றோருக்கான கோப்பை வெற்றியாளர் கோப்பை வந்தது. 1963இல் ராட்டர்டாம் நகரில் அட்லெட்டிகோ மாட்ரிட் அணியை 5-1 என வீழ்த்தி டாட்டன்ஹாம் அணி இதனை வென்றது. ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்ற முதல் இங்கிலாந்துக் கழகம் அதுவே. இங்கிலாந்தின் முதல் ஐரோப்பிய வெற்றியே ஓர் இரண்டாம் நிலைக் கோப்பையால்தான் வந்தது என்பதை மறத்தலாகாது.

ஃபேர்ஸ் கோப்பையின் இடத்தை 1971இல் யூஃபா கோப்பை பெற்றது. 2009இல் அது யூரோப்பா லீக் எனப் பெயர் மாறிற்று. கோப்பை வெற்றியாளர் கோப்பை 1999உடன் முடிவுற்றது. 2021இல் மூன்றாம் நிலையாகக் கான்ஃபரன்ஸ் லீக் தொடங்கப்பெற்றது. ஐரோப்பியக் கோப்பையோ 1992 முதல் சாம்பியன்ஸ் லீக் என வழங்குகிறது.

எதிர்ப்போர் கூற்று

இவ்விரண்டாம் நிலைப் போட்டிகள் வேண்டா என்போர் கூறும் காரணங்கள் எளியவை. வியாழக்கிழமை இரவு தொலைவிலுள்ள நாடொன்றில் ஆடிவிட்டுத் திரும்பி, ஞாயிறன்று லீக் ஆட்டத்திற்கு இறங்க வேண்டும். ஆட்டக்காரர் களைப்புறுவர், காயமுறுவர். கோப்பையும் கிட்டாமல், லீக்கிலும் சரிந்து, ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றாகிவிடும்.

இதற்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. 2012இல் ஐந்தாம் இடம் பெற்ற நியூகாசில் அணி, அடுத்த பருவத்தில் யூரோப்பா லீக்கின் கால் இறுதிவரை சென்றது, லீக்கில் பதினாறாவதாயிற்று. 2001இல் ஐந்தாம் இடம் பெற்ற இப்ஸ்விச் அணி, யூஃபா கோப்பையில் புகழ்மிக்க இண்டர் மிலான் அணியை உள்ளூரில் 1-0 என வென்றது. ஆனால் அந்தப் பருவத்தின் முடிவில் லீக்கிலிருந்தே கீழிறக்கப்பட்டது.

இவற்றைவிட வலிமையான சான்று அதே இப்ஸ்விச்சின் 1980-81ஆம் பருவம் ஆகும். பாபி ராப்சன் பயிற்சியில் அவ்வணி மூன்று கோப்பைகளை நோக்கி ஒருசேர முன்னேறிற்று. லீக்கில் 42, யூஃபா கோப்பையில் 12, இரு உள்நாட்டுக் கோப்பைகளில் 12 என மொத்தம் 66 ஆட்டங்கள்! லீக் பட்டத்திற்குப் போட்டியிட்ட ஆஸ்டன் வில்லாவோ ஐரோப்பாவில் ஆடவில்லை; அவ்வாண்டு லீக் முழுவதையும் 14 ஆட்டக்காரர்களைக் கொண்டே ஆடி முடித்தது. வில்லாவை லீக்கில் இருமுறையும், எஃப்.ஏ. கோப்பையில் ஒருமுறையும் இப்ஸ்விச் வென்றது. எனினும் பருவ இறுதியில் வில்லா 60 புள்ளி, இப்ஸ்விச் 56 புள்ளி! எஃப்.ஏ. கோப்பையில் வில்லாவை வெளியேற்றியதன் வாயிலாக அதற்கு ஓய்வளித்ததும் இப்ஸ்விச்சே என்பது நகைமுரண்.

கணக்கின் மறுபக்கம்

இதுவரை கூறியவற்றை மட்டும் கொண்டால் என் விடை சரி என்றே தோன்றும். ஆனால் பேரேட்டில் பற்று என ஒரு பக்கம் இருந்தால் வரவு என மற்றொரு பக்கமும் உண்டன்றோ?

லிவர்பூல் அணியை நோக்குக. 1972-73இல் லீக் பட்டத்தையும் யூஃபா கோப்பையையும் அது ஒருங்கே வென்றது. 1975-76இல் மீண்டும் அவ்விரண்டையும் வென்றது. அடுத்த ஆண்டே, 1977இல், ரோம் நகரில் ஐரோப்பியக் கோப்பையையும் கைப்பற்றிற்று. அந்நிய மண்ணில் பொறுமையாக ஆடும் கலையைப் பயிலும் பள்ளியாக இரண்டாம் கோப்பை லிவர்பூலுக்கு அமைந்தது எனலாம்.

இதற்கு மாறாக ஆஸ்டன் வில்லா 2009இல் நடந்துகொண்டது. லீக்கில் மூன்றாம் இடத்தில் இருந்த அது, சாம்பியன்ஸ் லீக்கில் நுழைவதையே குறியாகக் கொண்டது. எனவே யூஃபா கோப்பை ஆட்டத்திற்கு மாஸ்கோ சென்றபோது முதன்மை ஆட்டக்காரர் பலரைக் களமிறக்கவில்லை. 2-0 எனத் தோற்று வெளியேறிற்று. அதன்பின் லீக்கில் உயர்ந்ததா? இல்லை, ஆறாவதாக முடித்தது. இலவு காத்த கிளியின் கதையாயிற்று.

அண்மைச் சான்று டாட்டன்ஹாம். 2024-25இல் 38 லீக் ஆட்டங்களில் 22இல் தோற்றுப் பதினேழாம் இடத்தில் நின்றது. ஆயினும் பில்பாவோ நகரில் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட் அணியை 1-0 என வென்றது. பதினேழாண்டுகளுக்குப் பின் அக்கழகம் பெற்ற முதற் கோப்பை அது. மேலும், 2014-15ஆம் பருவம் முதல் யூரோப்பா லீக்கை வெல்வோருக்கு அடுத்த சாம்பியன்ஸ் லீக்கில் இடம் உண்டு. ஆகவே பதினேழாம் இட அணி ஐரோப்பாவின் முதன்மைப் போட்டியில் நுழைந்தது. இவ்வளவு பெற்றும் அதன் பயிற்சியாளர் பதினாறே நாட்களில் நீக்கப்பட்டார் என்பது லீக் சரிவின் விலையைக் காட்டுகிறது.

என் பிழை யாது?

இங்கேதான் என் பிழை எனக்குப் புலப்பட்டது. வாய்ப்புச் செலவு என்பது இழந்த இடங்களின் எண்ணிக்கை அன்று. கைவிட்ட வாய்ப்பின் மதிப்பு. இப்ஸ்விச் 1981இல் இழந்தது லீக் பட்டம். அந்த விலை மிகப் பெரிது. வெஸ்ட் ஹாம் 2023இல் இழந்தது யாது? ஐரோப்பாவில் ஆடாதிருந்தால் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ வந்திருக்கலாம். ஒன்பதாம் இடத்தை எவர் நினைவில் வைப்பர்?

பெற்றதையும் எண்ணுவோம். தகுதிச் சுற்று உட்பட 15 ஆட்டங்களில் 14 வெற்றி, ஒரு சமநிலை. பிராக் நகரில் ஃபியோரண்டினாவுக்கு எதிராக 90ஆம் நிமிடத்தில் ஜாரட் போவன் அடித்த கோலால் 2-1 என வெற்றி. 1980க்குப் பின் 43 ஆண்டுகள் காத்திருந்த கழகத்திற்கு ஒரு பெருங்கோப்பை!

பிரீமியர் லீக்கில் ஆடுவன இருபது கழகங்கள். 1993 முதல் 2025 வரை நடந்த 33 பருவங்களில் பட்டம் வென்றவை ஏழே கழகங்கள். ஏனையவற்றுக்கு லீக் பட்டம் எட்டாக்கனி. அத்தகைய கழகத்திற்கு இரண்டாம் கோப்பையே முதற் கோப்பை.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. கீழிறக்கப்பட்ட அணியைவிட வெஸ்ட் ஹாம் ஆறு புள்ளிகளே கூடுதலாகப் பெற்றிருந்தது. 2002இல் இப்ஸ்விச்சுக்கு நேர்ந்தது அதற்கும் நேர்ந்திருக்குமாயின் கணக்கே தலைகீழாகியிருக்கும். புதிதாக மேலேறிய சிறு கழகம் போதிய ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் இதில் இறங்குதல் தகாது. பட்டத்திற்குப் போட்டியிடும் கழகம் இரு முனைகளுக்கும் போதிய ஆள்வலிமை உண்டா என எண்ணித் துணிய வேண்டும். நடுவிலுள்ள கழகங்களோ தயங்காமல், முழு மனத்துடன் ஆடலாம். அரை மனத்துடன் ஆடுவது எவருக்கும் உதவாது.

முடிவுரை

அடுத்த வகுப்பில் அம்மாணவரிடம், "அன்று நான் கூறிய விடை தவறு, வெஸ்ட் ஹாமுக்கு இலாபமே" என்று ஒப்புக்கொண்டு, மேற்கண்ட கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். அவர் விடவில்லை. "அப்படியானால் 1981இல் இப்ஸ்விச்சுக்கு நட்டம்தானே, ஐயா?" என்றார்.

நான்கு புள்ளிகளில் லீக் பட்டம் போயிற்று, உண்மை. ஆனால் அவ்வாண்டு அவ்வணி இறுதியில் ஹாலந்தின் ஏ.இசட். அணியை இரு ஆட்டங்களில் 5-4 என வென்று யூஃபா கோப்பையைக் கொண்டுவந்தது. அதற்குப் பின் இன்றளவும் இப்ஸ்விச் வேறு பெருங்கோப்பை எதனையும் வென்றதில்லை. ராப்சனின் சிலை அவ்வூர் ஆட்டத்திடலின் வெளியே நிற்கிறது. இவற்றை அம்மாணவரிடம் கூறி, இலாபமா நட்டமா என்பதை அவரையே கணக்கிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.