மாணவர் படையில் ஓராண்டு

சேர்வராயன் மலை, கஞ்சமலை, கொல்லிமலை ஆகியவை சூழ, காவிரி ஒருபுறம் பாய்ந்து வளஞ்சேர்க்கும் நிலம் சேலம், நாமக்கல் சமவெளியாகும். வீரத்திற்கும் இந்நிலம் பெயர் பெற்றது. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். ஆங்கிலேயரை எதிர்த்துப் படை திரட்டிய தீரன் சின்னமலை 1805-ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டது இச்சமவெளியிலுள்ள சங்ககிரியிலேயாகும். இத்தகைய மண்ணிலுள்ள பள்ளிகளிலும் கல்லூரிகளிலும், மிடுக்குடன் அணிவகுத்து நிற்கும் மாணவரை நாம் காண்கின்றோம். அவர்கள் தேசிய மாணவர் படையினர் ஆவர்.

நாடு விடுதலை பெறுமுன், 1946-ஆம் ஆண்டில், மாணவர்க்குப் படைப்பயிற்சி அளிப்பது குறித்து ஆராயக் குன்ஸ்ரு என்னும் அறிஞர் தலைமையில் குழு ஒன்று அமைந்தது. அதன் பரிந்துரைப்படி, 1948-ஆம் ஆண்டில் தனிச் சட்டத்தின் வாயிலாக மாணவர் படை தோன்றியது. மறு ஆண்டே மாணவியர் பிரிவும் தொடங்கப்பெற்றது. சீனப் போருக்குப் பின், 1963-இல் கல்லூரி மாணவர்க்கு இப்பயிற்சி கட்டாயம் ஆக்கப்பட்டது. 1968-இல் அக்கட்டாயம் நீங்கி, விரும்பியோர் சேரும் படையாக மீண்டும் மாறியது. இதில் சேர்வோர் போர்க்களம் செல்லக் கடமைப்பட்டவர் அல்லர். நன்மக்களை உருவாக்குவதே இப்படையின் நோக்கம். ‘ஒற்றுமையும் ஒழுக்கமும்’ என்பது இதன் குறிக்கோள்.

கல்வியாண்டின் தொடக்கத்தில் புதியவர் தேர்ந்தெடுக்கப்படுவர். பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் அவர்க்கு அலுவலராக இருப்பார். இராணுவத்திலிருந்து வரும் ஹவில்தார் முதலியோர் பயிற்சி அளிப்பர். முதற்பாடம் அணிநடை. ‘சாவ்தான்’ என்றதும் நிமிர்ந்து நிற்றலும், ‘விஷ்ராம்’ என்றதும் தளர்ந்து நிற்றலும் எளியனபோலத் தோன்றும். ஆயினும் முதல் நாட்களில் ஒருவன் கால் முந்தும். மற்றொருவன் கை பிந்தும். ஒருவன் பிழை செய்தாலும் அணி முழுவதும் மீண்டும் நடக்க நேரும். தன் பிழை தன்னோடு நில்லாது தோழரையும் வருத்தும் என்பதை மாணவன் அப்பொழுது உணர்கின்றான். ஒழுக்கத்தின் முதற்படி அவ்வுணர்வே அன்றோ!

அடுத்தது துப்பாக்கிப் பயிற்சி. சிறுவாய்த் துப்பாக்கியை ஏந்தி, தரையில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, இருபத்தைந்து மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கிச் சுடுதல் வேண்டும். ஒருவன் சுட்ட ஐந்து குண்டுகளுள் ஒன்று நடுப்புள்ளியில் பட்டு, மற்றவை நாற்புறமும் சிதறலாம். மற்றொருவனின் குண்டுகள் ஐந்தும் நடுப்புள்ளியினின்று விலகினும், ஓரிடத்தில் நெருங்கி விழலாம். இவ்விருவருள் பின்னவனையே பயிற்றுநர் பாராட்டுவார். நெருங்கி விழுந்த குண்டுகள் நிலையான கையையும் கண்ணையும் காட்டும். குறியைச் சற்றே திருத்தினால் அவை ஐந்தும் இலக்கை அடையும். சிதறியவனுக்கோ எதைத் திருத்துவது என்பதே விளங்காது. தற்செயலாகக் கிட்டும் வெற்றியினும் நிலையான முயற்சியே மேலானது என்பதை இப்பயிற்சி உணர்த்துகின்றது.

ஆண்டில் ஒருமுறை நடைபெறும் பத்து நாள் முகாமில், மாணவர் தம் இல்லம் துறந்து கூடி வாழ்வர். விடியுமுன் எழுதல், உடற்பயிற்சி, நிலப்படம் கற்றல், முதலுதவி, விளையாட்டுப் போட்டிகள் எனப் பொழுது கழியும். நெசவாளர் மகனும் உழவர் மகனும் வணிகர் மகனும் ஒரே வரிசையில் தட்டேந்தி உண்பர். தாம் உண்ட தட்டைத் தாமே கழுவுவர். சாதியும் செல்வமும் அவ்வரிசையில் இடம்பெறா.

திறமை மிக்கோர் பலபடித் தேர்வுகளில் வென்று, டில்லியில் நிகழும் குடியரசு நாள் அணிவகுப்பில் கலந்துகொள்வர். அப்பேறு சிலர்க்கே கிட்டும். எனினும், குழுவாக முயன்று பெறும் பெருமையை விளையாட்டு நன்கு காட்டுகின்றது. திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ், இராணுவத்தின் மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த ஓட்டவீரர். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில், நால்வர் ஓடும் நானூறு மீட்டர் தொடரோட்டத்தில் அவர் இடம்பெற்ற இந்தியக் குழு, மூன்று நிமிடம் 0.25 நொடியில் ஓடி, அன்றைய ஆசியச் சாதனையை நிகழ்த்தியது. ஆயினும் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. பதக்கம் கிட்டாதபோதும் சாதனை சாதனையே. அதில் நால்வருக்கும் பங்குண்டு.

மேட்டூர் அணை நிரம்பி மிகுநீர் பெருகும் காலங்களில், குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களின் தாழ்ந்த பகுதிகளில் காவிரி வெள்ளம் புகுவதுண்டு. அவ்வேளையில் ஆளுக்கொரு திசையில் ஓடும் கூட்டத்தால் பயனில்லை. முதியோரைத் தாங்கவும், உணவுப் பொட்டலங்களை முறையாக வழங்கவும், கட்டளையை அமைதியுடன் கேட்டு நடக்கவும் பழகிய பத்து இளைஞர் இருப்பின், அத்தெரு முழுவதும் ஆறுதல் பெறும். 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது, நாட்டின் பல பகுதிகளில் பதினெட்டு வயது நிரம்பிய மாணவர் படையினர் தாமே முன்வந்து, நிவாரணப் பொருள் வழங்கவும் மக்களை வரிசைப்படுத்தவும் துணை நின்றனர். அணிநடையில் கற்ற ஒழுங்கு அன்று மக்களுக்குப் பயன்பட்டது.

ஆண்டு முடிவில் சிலர் பதக்கம் பெறுவர். சிலர் சான்றிதழ் பெறுவர். பலர் இரண்டுமின்றி வீடு திரும்புவர். ஆனால், காலந்தவறாமை, தோழமை, தன்னடக்கம் என்னும் மூன்றையும் பெற்றவர் எவரும் வெறுங்கையுடன் திரும்பியவர் ஆகார். துயருற்ற காலத்தில் அயலார்க்கு உதவுதற்குரிய ஆற்றலே ஓராண்டுப் பயிற்சியின் உண்மையான பரிசாகும்.

பயிற்சி வினாக்கள்

1. மாணவர் படை தோன்றிய வரலாற்றைச் சுருக்கி எழுதுக.
2. சிதறிய குண்டுகள், நெருங்கிய குண்டுகள் ஆகியவற்றால் அறியத்தக்க உண்மை யாது?
3. நும் ஊரில் இடர் நேருங்கால் பயிற்சி பெற்ற இளைஞர் செய்யத்தக்க உதவிகள் யாவை?