வரப்பில் மருந்து அடிக்காமல் விட்டால் பூச்சி பெருகாதா?

கேள்வி: சம்பா நடவு முடிந்துவிட்டது. வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் ஊன்றி, அங்கே மருந்தே படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் வேளாண் அலுவலர். பக்கத்து வயல்காரரோ, “வரப்பில் பூச்சியை வளர்த்தால் நாளைக்கு அது நெல்லில்தானே இறங்கும்?” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு விவசாயி, மன்னார்குடி வட்டம்

பதில்: அலுவலர் பேச்சைக் கேளுங்கள். ஆனால் பக்கத்து வயல்காரரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பூச்சியியல் படிக்க வருகிற மாணவர்களும் முதல் வாரத்திலேயே இதைத்தான் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் பேச்சில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வரப்பில் இருக்கும் பூச்சியெல்லாம் நெல்லைத் தின்னும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பூச்சிகளில் பெரும்பாலானவை சாப்பாட்டு விஷயத்தில் மகா பிடிவாதக்காரர்கள். டெல்டாவில் நாம் அதிகம் பயப்படுகிற புகையானையே எடுத்துக்கொள்வோம். தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, வயலில் வட்ட வட்டமாகத் தீய்ந்த திட்டுகளை உண்டாக்குகிற பூச்சி அது. அது பிழைத்துப் பெருகுவது நெல்லில்தான், காற்றோடு வந்து வயலில் இறங்கும். உங்கள் வரப்பு உளுந்தில் அதற்கு வேலையே இல்லை. தட்டைப்பயற்றின் குருத்தில் கறுப்பாக அப்பிக்கொண்டிருக்கும் அசுவினிக்கு எதிர்ப்பக்கமான பிடிவாதம். அது பயறு வகைச் செடிகளை விட்டு நெல்லுக்கு வராது. அந்த அசுவினியைத் தேடிப் பொறிவண்டு வரும். பொறிவண்டு மட்டும் வரப்போடு நிற்காது, நெல்லுக்குள்ளும் இறங்கி இரை தேடும்.

அடுத்ததாக, வரப்பில் நமக்கு வேண்டியவர்கள் யார் என்று பார்ப்போம். ஒட்டுண்ணிக் குளவி என்று ஒரு வகை உண்டு. பிற பூச்சியின் முட்டைக்குள்ளோ உடலுக்குள்ளோ தன் முட்டையை வைத்து, அதையே தன் குஞ்சுக்கு உணவாக்கும் குளவி. தண்டுத்துளைப்பான், இலைச்சுருட்டுப்புழு ஆகியவற்றின் முட்டைகளைத் தேடிப் போகும் டிரைக்கோகிரம்மா இந்த வகைதான். நெல் தாளுக்குள் புதைந்திருக்கும் புகையான் முட்டையைக் கண்டுபிடித்து அதற்குள் முட்டை வைக்கும் குளவிகளும் உண்டு. இவற்றின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. குஞ்சு பூச்சி முட்டையைத் தின்று வளர்கிறது, வளர்ந்த குளவிக்கோ தேன் வேண்டும். தேன் கிடைக்காத குளவி ஓரிரு நாளில் செத்துவிடும். கிடைத்தால் அதைப்போலச் சில மடங்கு நாள் உயிரோடு இருந்து, அத்தனை நாளும் முட்டை தேடும்.

நெல் பூவில் தேன் கிடையாது. அது காற்றையும் தன் மகரந்தத்தையும் நம்பிப் பிடிக்கிற பயிர். ஆகவே பசேலென்று நெல் மட்டும் நிற்கும் நூறு ஏக்கர் வயல்வெளி இந்தக் குளவிக்குப் பாலைவனம். தட்டைப்பயற்றின் பூங்காம்பை ஒருமுறை கண்ணருகே பிடித்துப் பாருங்கள். பூக்களுக்கு நடுவே காம்பின் மேலேயே சின்னச் சின்ன மேடுகள் தெரியும். பூவுக்கு வெளியே தேன் கசியும் சுரப்பிகள் அவை. எறும்பு மொய்ப்பதை வைத்தே இடத்தைக் கண்டுகொள்ளலாம். பூவின் ஆழத்துக்குள் வாய் எட்டாத சிறு குளவியும் அங்கே பசியாறிக்கொள்ளும்.

சிலந்திக்குத் தேவை தேன் அல்ல, இடம். அறுவடை, உழவு, சேறடித்தல் என்று வருடத்தில் பல தடவை வயலைப் புரட்டிப் போடுகிறோம். அப்போதெல்லாம் புரளாமல், மூழ்காமல் இருப்பது வரப்பு ஒன்றுதான். வலை பின்னாமல் ஓடிப் பிடிக்கும் ஓநாய் சிலந்தி அங்கேதான் ஒதுங்கும். பின்பக்கத்தில் வெளிறிய முட்டை உருண்டையைக் கட்டிக்கொண்டு வரப்பு வெடிப்புகளில் ஓடுவதைக் காணலாம். நட்ட சில நாளில் தண்ணீர் மேலேயே ஓடி வயலுக்குள் புகுந்துவிடும். வரப்பில் களைக்கொல்லி அடித்துக் கட்டாந்தரையாக்கினால் நிழலும் ஈரமும் போய்விடும், பூச்சிமருந்து பட்டால் சிலந்தியே போய்விடும்.

“எல்லாவற்றையும் சேர்த்துக் கொன்றுவிட்டால் கணக்கு சரியாகுமே” என்று கேட்கலாம். ஆகாது, புகையான் விஷயத்தில் கணக்கு தலைகீழாகிவிடும். அதன் முட்டை தாளுக்குள் இருப்பதால் தெளிப்பிலிருந்து பெரும்பாலும் தப்பிக்கிறது. சிலந்தியும் குளவியும் வெளியில் இருப்பதால் சாகின்றன. பொரித்து வரும் குஞ்சுக்கு எதிரியே இல்லை. மூன்று நான்கு வாரத்தில் ஒரு தலைமுறை, ஒவ்வொரு பெண்ணும் நூற்றுக்கணக்கில் முட்டை! இதைத்தான் மறுபெருக்கம் என்கிறோம், அதாவது மருந்துக்குப் பிறகு பூச்சி முன்னைவிட அதிகமாகக் கிளம்புவது. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள் இதற்குப் பேர் போனவை. இந்தோனேசியா இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. புகையான் தொல்லை கைமீறிப் போனபோது, 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை அந்நாட்டு அரசு தடை செய்தது.

வரப்புப் பூக்களுக்கு ஆதாரம் கேட்பீர்கள் என்றால், சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூன்று நாடுகளிலும் நெல் வயலோரம் எள் போன்ற தேன் தரும் செடிகளை வளர்த்து நான்கு ஆண்டுகள் சோதித்தார்கள். முடிவு 2016-ல் வெளியானது. பூச்சிமருந்துத் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது, மகசூல் 5 சதவீதம் கூடியது. மகசூல் குறையாமல் இருந்தாலே போதும் என்பேன் நான், அங்கே கூடியும் இருக்கிறது.

இப்போது பக்கத்து வயல்காரரின் நியாயத்துக்கு வருகிறேன். கதிர் நாவாய்ப்பூச்சி, நெல் பால் பிடிக்கும்வரை வரப்புப் புற்களின் கதிரில்தான் காலம் தள்ளும். இலைச்சுருட்டுப்புழுவும் சில புற்களில் வளரும். அகலமான வரப்பு எலிக்கும் வளை தோண்டத் தோதானது. எனவே மருந்து அடிக்காமல் விடுவது என்றால் வரப்பைக் காடாக விடுவது என்று பொருள் இல்லை. வரப்பைக் குறுகலாகவே வையுங்கள். புல்லைக் கதிர் தள்ளுமுன் அரிவாளால் அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். அகன்ற இலைச் செடிகளையும் பூக்கிற பயறுகளையும் நிற்க விடுங்கள். விதைக்கிற உளுந்தும் தட்டைப்பயறும் ஒரே நேரத்தில் பூத்து முடிந்துவிடாமல் பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு ஊன்றினால் தேன் தொடர்ந்து கிடைக்கும்.

இன்னொன்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டுப் பயிரைத் தளதளவென்று வைத்திருந்தால் எந்த வரப்பும் புகையானைத் தடுத்துவிடாது. வயலுக்குள் விசைத்தெளிப்பானால் அடிக்கும் மருந்து காற்றில் வரப்புக்கு வந்து சேர்ந்தாலும் பயன் இல்லை. வரப்பைக் காப்பாற்றுவதன் பாதி, வயலுக்குள் தேவையில்லாமல் தெளிக்காமல் இருப்பதுதான்.

எப்போது தேவை என்பதற்கும் அளவு உண்டு. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது ஒரு கிளைப்புக்கு, ஒரு புகையான் என்ற நிலை வந்தால் மருந்தை யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்துவிட்டால் அந்த அளவு இரண்டாகிறது. பக்கத்து வயல்காரரையும் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கி, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில குத்துகளைச் சாய்த்து அடித்தண்டைப் பாருங்கள். புகையானை எண்ணும்போது சிலந்தியையும் சேர்த்து எண்ணுங்கள். எண்ணி முடிக்கும்வரை இருவரும் தெளிப்பானைத் தொட வேண்டாம்.