உடலே அளவுகோல்

நுழையும்முன்

கருவிகளை ஆக்கியவர் மனிதர். அக்கருவிகளுக்கு வடிவம் தந்தது மனித உடல். கத்தியின் கைப்பிடி முதல் நாற்காலியின் உயரம் வரை, நாம் நாள்தோறும் பயன்படுத்தும் பொருள்களில் உடலின் அமைப்பு பதிந்துள்ளது. உடலுக்கும் கருவிக்கும் உள்ள பொருத்தத்தை ஆராயும் துறை பணிச்சூழலியல் எனப்படும்.

அளவாகிய உடல்

பூக்காரர் சரத்தை முழங்கையிலிருந்து விரல்நுனிவரை அளந்து தருகிறார். விரற்கடை, சாண், முழம் ஆகிய அளவுகள் உடலிலிருந்து பிறந்தவை. ஆயினும், ஒருவரின் முழமும் மற்றொருவரின் முழமும் ஒன்றாக இருப்பதில்லை. பயன்பொருள் வடிவமைப்பின் முதன்மையான வினா இதிலேயே அடங்கியுள்ளது: யாருடைய உடலை அளவாகக் கொள்வது?

கையும் கைப்பிடியும்

மணிக்கட்டை உள்நோக்கி முழுவதும் மடக்கிக்கொண்டு விரல்களை இறுக மூடிப் பாருங்கள். பிடி தளர்வதை உணர்வீர்கள். விரல்களை மடக்கும் வலிமையான தசைகள் முன்கையில் உள்ளன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளைச் சென்றடைகின்றன. மணிக்கட்டு மடங்கும்போது அத்தசைகள் முன்னரே சுருங்கிவிடுவதால், இறுகப் பற்றும் விசை குறைகிறது. எனவே, மணிக்கட்டை நேராக வைத்துப் பணிசெய்ய இடந்தருவதே நல்ல கருவி. மேலும், மெல்லிய கைப்பிடி உள்ளங்கையின் சிறு பரப்பில் அழுத்தத்தைக் குவிக்கும். தடித்த கைப்பிடி அதனைப் பரவச்செய்யும்.

சாம் பார்பர் என்னும் அமெரிக்கர், மூட்டு அழற்சியால் தம் மனைவி தோல்சீவியைப் பிடிக்க இடர்ப்படுவதைக் கண்டார். அதன் விளைவாக, தடித்த மென்மையான ரப்பர்க் கைப்பிடி கொண்ட தோல்சீவி 1990இல் விற்பனைக்கு வந்தது. வலியுற்ற கையை எண்ணி உருவாக்கிய அக்கைப்பிடி, வலியற்ற கைகளுக்கும் இதமாக அமைந்தது.

முதுகும் இருக்கையும்

நிற்கும்போது கீழ்முதுகு உட்புறமாகச் சற்று வளைந்திருக்கும். கூனி அமரும்போது அவ்வளைவு மறைந்து, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின்மீது அழுத்தம் மிகுகிறது. சில நாற்காலிகளின் சாய்மானம் கீழ்ப்பகுதியில் புடைத்திருப்பது அவ்வளைவைத் தாங்குவதற்கே. இருக்கை மிக உயரமாயின் பாதம் தரையில் பதியாது. தொடையின் அடிப்பகுதி அழுந்தும். மிகத் தாழ்வாயின் முழங்கால் உயர்ந்து முதுகு கூனும்.

சராசரி மனிதர் எங்கே?

'அப்படியானால் சராசரி அளவில் செய்துவிடலாமே' எனத் தோன்றலாம். அமெரிக்க விமானப்படையும் அவ்வாறே எண்ணி விமானி அறையை அமைத்திருந்தது. 1950ஆம் ஆண்டளவில் கில்பர்ட் டேனியல்ஸ் என்னும் ஆய்வாளர் 4,063 விமானிகளின் உடலளவுகளை ஆராய்ந்தார். உயரம், மார்புச் சுற்றளவு, கை நீளம் முதலிய 10 அளவுகளிலும் சராசரியை ஒட்டியிருந்தவர் ஒருவர்கூட இலர்! சராசரிக்கெனச் செய்த இருக்கை எவருக்கும் முழுமையாகப் பொருந்தவில்லை. அதன்பின், விமானிக்கேற்ப நகர்த்தி அமைக்கத்தக்க இருக்கைகள் இடம்பெற்றன. உடலைப் பொருளுக்கேற்ப வளைப்பதன்று, பொருளை உடலுக்கேற்ப அமைப்பதே முறை என்பது தெளிவாயிற்று.

உட்கார ஓர் உரிமை

வடிவமைப்பு என்பது அறத்தோடும் தொடர்புடையது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து குருதியை இதயம் நோக்கி மேலே தள்ளுகின்றன. ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பவருக்கு அவ்வியக்கம் குன்றுவதால், குருதி காலிலேயே தேங்கி வீக்கமும் வலியும் தோன்றுகின்றன. கடைகளில் நாள்முழுதும் நின்றே பணியாற்றுவோரின் துன்பம் இதுவே. தமிழ்நாடு அரசு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி அளிக்க வேண்டும் என வகைசெய்தது. உடலின் தேவை அங்கே உரிமையாக எழுந்து நின்றது.

ஒரு பொருளைக் கையாளும்போது நமக்கு வலித்தால், குறை நம் உடலில் உள்ளது என்றே பலமுறை எண்ணிவிடுகிறோம். குறை பொருளிலும் இருக்கலாம். நாளைய வடிவமைப்பாளர்களாகிய நீங்கள், பொருளைச் செய்வதற்குமுன் அதனைப் பயன்படுத்துவோரின் கையையும் முதுகையும் காலையும் உற்றுநோக்குங்கள்.

சிந்தித்து எழுதுக

உங்கள் வகுப்பறை இருக்கையில் அமரும்போது பாதம் தரையில் முழுமையாகப் பதிகின்றதா? குள்ளமான மாணவர், உயரமான மாணவர், இடக்கைப் பழக்கம் உடையவர் ஆகிய மூவரிடமும் கேட்டறிந்து, அவ்விருக்கையில் செய்யத்தக்க மாற்றங்களைத் தொகுத்து எழுதுக.