வயற்காணியில் களஞ்சியமும் ஆலையும் அமைக்க அனுமதி பெறும் முறை

வினாயகபுரம் போன்ற அம்பாறைக் கரையோரக் கிராமங்களிலே தெருவோரத்தில் வயலுடைய கமக்காரர், அதில் ஒரு நெற்களஞ்சியமோ சிறு அரிசி ஆலையோ அமைத்தால் வண்டிக்கூலி மிஞ்சும் எனக் கருதுவது இயல்பே. ஆயினும், உறுதி தம் பெயரில் இருத்தல் மட்டும் வயலை நிரப்பும் உரிமையைத் தந்துவிடாது.

1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரரைக் காக்க எழுந்தது. இன்று நடைமுறையிலுள்ளது 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமாகும். இதன்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வயலை நிரப்புதலும், மண் அகற்றுதலும், கட்டடம் எழுப்புதலும் குற்றமாகும். நெல் விளையத்தக்க வயலில் கத்தரியோ மிளகாயோ நடுவதற்கும் அவ்வனுமதி வேண்டுமென்பதைக் காய்கறி செய்வோர் மறத்தலாகாது.

இக்கட்டுப்பாட்டின் காரணம் நீரே. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் பெரும்போக மழைநீர், மேல்வயலிலிருந்து கீழ்வயல் வழியே வடிந்து களப்பையும் கடலையும் அடைதல் வேண்டும். இடையில் ஒருவர் இரண்டடி உயரத்துக்கு மண் கொட்டினால் மேல்வயலில் வெள்ளம் நின்று இளம்பயிர் அழுகும். சிறுபோகத்திலோ கீழ்வயலுக்குப் பாய்ச்சல் நீர் எட்டாது. கொட்டியவருக்கு இழப்பில்லை, அயலவரே இழப்பர். ஒருமுறை நிரப்பிய மண்ணை அகற்றி மீண்டும் சேறாக்குதல் எளிதன்று.

ஆகவே, முதலில் அப்பகுதிக் கமநல சேவை நிலையத்தை நாடுதல் வேண்டும். உறுதி, நில அளவைப் படம், அமைக்கக் கருதும் கட்டடத்தின் அளவு ஆகியவற்றோடு செல்வது நன்று. வாய்க்காலும் வடிகாலும் எங்கே ஓடுகின்றன என்பதைப் படத்தில் மறைக்காது காட்டுக. அயல் வயற்காரரிடமும் கமக்காரர் அமைப்பிடமும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுதல் பின்வரும் பிணக்குகளைத் தவிர்க்கும். காணி உறுதிக்காணியாக இல்லாது, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியாயின், பிரதேச செயலாளரையும் கேட்டே தொடங்கல் வேண்டும்.

கமநல அனுமதி கிடைத்த பின்னரே கட்டட வரைபடம் பிரதேச சபைக்குச் செல்லுதல் முறை. வரைபடத்துக்கே முதலில் பணஞ் செலவிட்டு, பின்பு வயலென்ற காரணத்தால் தடைப்படுவோர் அப்பணத்தை வீணே இழப்பர். மேட்டுக் காணிக்கு வயல் நிரப்பும் அனுமதி தேவையில்லை. சபையின் அனுமதி தேவை. கடலின் சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றருக்குள் அடங்கும் காணியாயின், 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டமும் பொருந்தும்.

அரிசி ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். ஆலையின் வகைக்கும் அளவுக்கும் ஏற்ப இதனை மத்திய சுற்றாடல் அதிகார சபையோ பிரதேச சபையோ வழங்கும். உமியும் சாம்பலும் காற்றிற் பறந்து அயற்றோட்டத்துக் கீரையில் படியாவண்ணம் ஆலையின் இடத்தைத் தெரிதல் வேண்டும். நெல் அவிக்கும் ஆலையாயின் கழிவுநீர் எங்கே செல்லும் என்ற கேள்வி தவறாது எழும்.

அனுமதி பெரும்பாலும் நிபந்தனையோடே வரும். வடிகாலை மூடாதிருத்தல், குறித்த பரப்புக்கு மேல் நிரப்பாதிருத்தல் போன்றவை அதில் இடம்பெறலாம். கடிதத்தை ஒருமுறைக்கு இருமுறை வாசித்து, மண் ஏற்றி வருவோருக்கும் கொத்தனாருக்கும் எல்லையைக் கட்டை நட்டுக் காட்டுக. களஞ்சியத்துக்கெனப் பெற்ற அனுமதியைக் கொண்டு பின்னர் அங்கே கடையோ வீடோ அமைத்தல் இயலாது. அதற்குப் புதிதாக விண்ணப்பித்தல் வேண்டும்.