கிராம்புத் தைலமும் கிருமிகளின் பேச்சும்

சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு நாளும் நேரமும் குறித்து அறிக்கை அனுப்புகிறோம். சட்டவிதிப்படி வேண்டிய அங்கத்தினர் தொகை சேராவிட்டால் தலைவர் கூட்டத்தைத் தொடங்கமாட்டார். எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. இந்தத் தொகைக்குக் 'குவோரம்' என்று பெயர் என்பது யாவரும் அறிந்ததே. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளும் இதே விதிப்படிதான் பல காரியங்களைச் செய்கின்றன. அவற்றின் கூட்டத்தைக் குலைக்கும் தன்மை, நாம் மூட்டை மூட்டையாக வாங்கி விற்கும் கிராம்பில் இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே, இவ்விஷயத்தை வியாபாரிகளாகிய நாம் சரிவரத் தெரிந்து வைத்திருப்பது நலம்.

கிருமிகள் பேசுவது எப்படி?

பாக்டீரியா என்னும் நுண்கிருமிக்கு வாயுமில்லை, காதுமில்லை. ஒவ்வொரு கிருமியும் ஒரு சிறு ரசாயனப் பொருளை உண்டாக்கி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதுவே அதன் சொல். கிருமிகள் சிலவே இருந்தால் அந்தப் பொருள் சுற்றியுள்ள நீரில் கரைந்து போய்விடும். அவை பெருகப் பெருக அப்பொருளும் சேர்ந்துகொண்டே வரும். ஓர் அளவைத் தாண்டியதும், 'நம் கூட்டம் சேர்ந்துவிட்டது' என்று ஒவ்வொரு கிருமியும் உணர்ந்து, எல்லாம் ஒன்றாகக் காரியத்தில் இறங்கும்.

ஹவாய்த் தீவுக் கடலில் ஒரு சிறு கணவாய் உண்டு. விப்ரியோ ஃபிஷெரி என்னும் கிருமிகள் அதன் உடலில் ஒரு பையில் தங்கி வாழ்கின்றன. அவை பெருகியிருக்கும் இரவில் அந்தப் பை ஒளிவீசும். நிலவொளியில் கணவாயின் நிழல் கீழே விழாமல் அது மறைக்கும். விடியற்காலையில் கணவாய் அக்கிருமிகளில் நூற்றுக்குச் சுமார் 95-ஐ வெளியே தள்ளிவிடும். மிஞ்சியவை பகலெல்லாம் பெருகி, மறுபடியும் தொகை சேர்ந்து, இரவில் ஒளி தரும். கூட்டம் சேர்ந்தால்தான் இக்கிருமிகள் ஒளிவிடும் என்பதை 1970-ம் ஆண்டில் அமெரிக்காவில் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகிய மூவர் விளக்கினார்கள். 1994-ல் இதற்குக் 'குவோரம் சென்சிங்' என்ற பெயரே வந்தது.

கணவாய்க்கு உதவும் இதே தந்திரம் மனிதனுக்குப் பகையாவதும் உண்டு. தீப்புண்ணிலும் ஆறாத ரணத்திலும் குடியேறும் சூடோமோனாஸ் ஏருகினோசா என்ற கிருமி, சிறு தொகையாக இருக்கும்போது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். கூட்டம் சேர்ந்ததும் நச்சுப் பொருள்களை வெளிவிடும். வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் பதுங்கும். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை மருந்தால் அழிப்பது கடினம்.

கிராம்பு செய்வது என்ன?

கிருமியைக் கொல்வது ஒரு வழி. ஆனால் கொல்லும் மருந்துக்குத் தப்பிய கிருமிகள் பெருகி, அம்மருந்து நாளடைவில் பலிக்காமல் போகிறது. கொல்லாமல், பேச்சை மட்டும் தடுத்துவிட்டால் என்ன என்பது அறிஞர்களின் யோசனை.

இதைச் சோதிக்க குரோமோபாக்டீரியம் வயலாசியம் என்ற கிருமி உதவுகிறது. கூட்டம் சேர்ந்தால் இது ஊதா நிறம் காட்டும். இக்கிருமி வளரும் தட்டில், எண்ணெயில் தோய்த்த சிறு காகித வில்லையை வைப்பார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமி செத்திருந்தால், எண்ணெய் கொல்கிறது என்று பொருள். கிருமி உயிரோடு வளர்ந்தும் ஊதா நிறம் மட்டும் இல்லையென்றால், எண்ணெய் அதன் வாயை அடைத்துவிட்டது என்று பொருள்.

அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தார் 21 தாவரத் தைலங்களை இவ்வாறு சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். நான்கில்தான் பேச்சைத் தடுக்கும் குணம் காணப்பட்டது. கிராம்புத் தைலம் முதலிடம் பெற்றது. பட்டை, லாவண்டர், பெப்பர்மின்ட் ஆகியவை அடுத்து வந்தன. கிருமியைக் கொல்லாத சிறு அளவிலேயே கிராம்புத் தைலம் ஊதா நிறத்தைச் சுமார் 78 சதவிகிதம் குறைத்தது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தாரும் கிராம்பு மொட்டிலிருந்து எடுத்த சத்தைச் சோதித்து, சூடோமோனாஸ் உண்டாக்கும் நச்சு நிறப்பொருள் அதனால் குறைவதை 2012-ல் எழுதினார்கள்.

கிராம்புத் தைலத்தில் பெரும்பங்கு யூஜினால் என்னும் பொருள். அது தனியாக இந்த வேலையைச் செய்யவில்லை என்று அலிகார் ஆய்வு கூறியது. பிறகு வந்த வேறு ஆய்வோ செய்கிறது என்றது. அறிஞர்களிடையே இன்னும் பேச்சு முடியவில்லை.

கடைக்காரர் அறிய வேண்டியது

இவையெல்லாம் தட்டிலும் குழாயிலும் கண்டவை. மனிதனின் புண்ணில் தைலத்தை ஊற்றி ஆறியதாகக் கண்டவை அல்ல. இந்த வேறுபாட்டை மறந்தால் நம் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லே வாடிக்கைக்காரருக்குக் கேடாகிவிடும். நீரிழிவு உள்ள ஒருவர், "காலில் புண் ஆறவில்லை, கிராம்புத் தைலம் தடவலாமா பாய்?" என்று கேட்டால், "தடவுங்கள், பல்கலைக்கழகத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்" என்று சொல்வது தகாது. "முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்" என்பதே சரியான பதில். ஒரு வாரம் தாமதித்தால் விரலோ காலோ போய்விடக்கூடும். ஒரு புட்டி விற்ற லாபம் அதற்கு ஈடாகாது.

சட்டமும் இதில் உண்டு. மலேசியாவில் 1956-ம் ஆண்டின் மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டப்படி, நீரிழிவு, புற்றுநோய் முதலிய வியாதிகளைத் தீர்க்கும் என்று எந்தப் பொருளுக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக்கூடாது. கடையில் ஒட்டும் காகிதமும் விளம்பரமே என்று கருதி நடப்பது நல்லது. சிங்கப்பூரிலும் மருந்து விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

மேலும் சில குறிப்புகள்: கிராம்புத் தைலம் காரமானது; கலப்பில்லாமல் தோலிலோ ஈறிலோ பட்டால் புண்ணாக்கும். சிறு குழந்தை குடித்துவிட்டால் ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே எட்டாத இடத்தில் வைக்கும்படி சொல்லி விற்கவேண்டும். மொட்டு, காம்பு, இலை மூன்றிலிருந்தும் தைலம் எடுக்கிறார்கள். இலைத் தைலம் மலிவு. அதை மொட்டுத் தைலம் என்று விற்பது மோசடி. இருண்ட நிறக் கண்ணாடிப் புட்டியில், காற்றுப் புகாமல் மூடி வைத்தால் தைலம் கெடாது.

நம் சரக்கின் பெருமையை அறிஞர்கள் சொல்லும்போது மகிழ்ச்சி அடைவது இயல்பு. அவர்கள் எதுவரை சொன்னார்களோ அதுவரையே நாமும் சொல்லி விற்றால், வாங்குகிறவர் உடலுக்கும் கேடில்லை. நம் நாணயத்துக்கும் குறைவில்லை.