புதிய தேனீக் குடும்பத்தைப் பெட்டியிற் குடியமர்த்தல்

தேனீ வளர்த்துப் பின் கைவிட்ட ஒருவரிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "பிடித்து வைத்தோம், பத்து நாளில் போய்விட்டது."

எமது நாட்டிற் பெட்டியில் வளர்க்கப்படும் இந்தியத் தேனீயின் இயல்பு அது. உணவு குறைந்தாலோ, எறும்பு ஏறினாலோ, வெயில் சுட்டாலோ, பெட்டியை அடிக்கடி திறந்தாலோ, கட்டிய வதையையும் விட்டுவிட்டு முழுக் குடும்பமும் புறப்பட்டுவிடும். வீட்டையும் சேமித்த நெல்லையும் விட்டுப் புறப்படுவது என்றால் என்னவென்று எமது வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எவரும் காரணமின்றிப் புறப்படுவதில்லை, தேனீயும் அப்படியே.

தேனீ வளர்ப்புக்குச் சொந்தக் காணி வேண்டியதில்லை. உரியவரிடம் கேட்டு ஒரு மரநிழலைப் பெற்றுக்கொண்டால் போதும். ஆனால் குடும்பம் நிலைத்தால்தான் தேனும் மெழுகும் கிடைக்கும். அது நிலைப்பதும் போவதும் பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களிலேயே முடிவாகிறது. இப்பாடம் அந்த மூன்று வாரங்களைப் பற்றியது.

எந்தத் தேனீ?

எல்லாத் தேனீயும் பெட்டியில் இருக்காது. உயரமான கிளையிலோ பாறையிலோ ஒரே பெரிய வதையாகத் தொங்குவது பெருந்தேனீ. சிறு பற்றைக் கொப்பில் உள்ளங்கையளவு ஒற்றை வதை கட்டுவது கொம்புத்தேனீ. இரண்டும் வெளிச்சத்தில் வாழ்பவை. அவற்றைப் பெட்டிக்குள் அடைக்க முயல வேண்டாம். மரப்பொந்து, புற்று, சுவரிடுக்கு, கைவிடப்பட்ட முட்டி போன்ற இருண்ட இடத்தில், பல வதைகளை அடுத்தடுத்து வரிசையாகக் கட்டுவதே நமக்குரிய தேனீ.

குடும்பம் தேடிச் செல்லும்போது இரண்டு கட்டுப்பாடுகளை மறக்கக் கூடாது. மிதிவெடி எச்சரிக்கை இட்ட காணிக்குள்ளும், துப்புரவு செய்யப்பட்டதாக உறுதிப்படாத காணிக்குள்ளும் காலெடுத்து வைக்க வேண்டாம். ஒரு குடும்பத்துக்காக மரத்தைத் தறிக்கவும் வேண்டாம். மண் முட்டியின் உட்புறத்தில் தேன்மெழுகைத் தேய்த்து, வீட்டருகே மரக்கிளையிற் கவிழ்த்துக் கட்டிக் காத்திருப்பதே ஆபத்தில்லாத வழி. இது நமது முன்னோர் அறிந்த முறைதான்.

பெட்டி

மேற்சட்டப் பெட்டி என்பது மாட்டுத் தொட்டி போன்ற வடிவமுடையது. மேலே மூடிக்குக் கீழ் மரச்சட்டங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சட்டத்திலிருந்தும் ஒவ்வொரு வதை தொங்கும். 1970களின் முற்பகுதியிற் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் கென்யா நாட்டு விவசாயிகளுக்காக இதனை விருத்தி செய்தனர். கம்பியோ, இயந்திரமோ, விலைகொடுத்து வாங்கும் மெழுகுத் தாளோ தேவையில்லை. கழிவுப் பலகையும் ஆணியும் இருந்தால் ஊர்த் தச்சர் ஒருவர் செய்துவிடலாம்.

இந்தியத் தேனீக்குப் பொருத்தமான உள்ளளவுகள் பின்வருமாறு:

நீளம் 24 அங்குலம். மேல் அகலம் 12 அங்குலம். அடி அகலம் 4 அங்குலம். ஆழம் 7 அங்குலம். பக்கப் பலகைகள் சரிந்து நிற்பதால் அவற்றின் அகலம் 8 அங்குலமாக இருக்க வேண்டும். சரிந்த பக்கத்தில் தேனீ வதையை ஒட்டுவது குறைவு. சட்டத்தின் நீளம் 14 அங்குலம், எண்ணிக்கை 20.

இவை சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் சட்டத்தின் அகலம் 30 மில்லிமீற்றராக இருக்க வேண்டும். இதில் தவறக் கூடாது. வெளிநாட்டு நூல்களில் 35 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் மேல் என்று இருக்கும். அது ஐரோப்பியத் தேனீக்குரியது. நமது தேனீ சிறியது; அகன்ற சட்டம் கொடுத்தால் ஒரு வதையை இரண்டு சட்டங்களுக்குக் குறுக்கே கட்டிவிடும். பின்னர் ஒன்றையும் தூக்க முடியாது.

சட்டத்தின் அடிப்பக்கத்தில் நடுவே ஒரு மெல்லிய விளிம்பு இருக்குமாறு சீவி, அதில் உருகிய தேன்மெழுகைப் பூசுங்கள். தேனீ அக்கோட்டைப் பிடித்தே கட்டும். பெட்டியின் ஒரு முனையில், அடிப்பகுதியில் 8 முதல் 10 மில்லிமீற்றர் அளவான ஐந்தாறு துளைகள் போதும். வாசல் சிறிதாக இருந்தாற் குளவியை எதிர்ப்பது எளிது. இவற்றோடு, பெட்டியின் உள்வடிவத்துக்கு வெட்டிய தடுப்புப் பலகை ஒன்றும் வேண்டும். புதிதாக வந்த சிறு குடும்பத்துக்கு முழுப் பெட்டியையும் கொடுக்காமல், எட்டுச் சட்டங்களுக்குப் பின்னால் அப்பலகையை இட்டு இடத்தைச் சுருக்க வேண்டும்.

இடம்

பெட்டியை இடுப்பளவு உயரத்தில் நான்கு கால்களின் மேல் வையுங்கள். காலை வெயில் படலாம். நண்பகல் வெயில் படக் கூடாது. புதிய வதை மென்மையானது. சூட்டில் இளகி அறுந்து விழும். தகரக் கூரையாயின் அதன்மேல் கிடுகு போடுங்கள். வாசல் கிழக்கே பார்த்திருப்பது நல்லது. சோளகக் காற்று நேரே வாசலுக்குள் அடிக்கும்படி வைக்க வேண்டாம். பிள்ளைகள் விளையாடும் இடம், ஆடு மாடு கட்டும் இடம், நடைபாதை ஆகியவற்றிலிருந்து விலக்கி வையுங்கள்.

ஒவ்வொரு காலையும் ஒரு பேணியில் நிறுத்தி அதில் கழிவு ஒயில் ஊற்றுங்கள். வெறும் நீர் ஊற்றினால் நுளம்பு பெருகும், டெங்குக்கு இடமாகும். பெட்டியைத் தொடும் புல்லையும் கொப்பையும் வெட்டிவிடுங்கள். ஒரு புல்லின் வழியாகவே எறும்பு ஏறிவிடும்.

மாரி மழை ஓய்ந்து மரங்கள் பூக்கத் தொடங்கும் காலமே குடியமர்த்த ஏற்றது. தென்னை, முருங்கை, வேம்பு, புளி, எள்ளு ஆகியன அருகிலிருந்தால் நல்லது. கிணறு எட்டவாக இருந்தால், கல்லுப் போட்ட தட்டொன்றிலே நீர் வைத்து நாள்தோறும் மாற்றுங்கள்.

குடியமர்த்தும் நாள்

மாலை நான்கு மணிக்குப் பின் தொடங்குங்கள். இரவு வந்தால் தேனீ வெளியே போகாது. புதிய இடத்திற் தங்கும். முகத்துக்குத் தொப்பியும் நுளம்பு வலையும் போட்டுக்கொள்ளுங்கள். பொச்சைப் பற்றவைத்து மிதமான புகை பிடியுங்கள். புகை கூடினால் தேனீ கலவரப்படும்.

1. பொந்திலோ முட்டியிலோ உள்ள வதைகளை ஒவ்வொன்றாகக் கூரிய கத்தியால் வெட்டி எடுங்கள். எது மேற்பக்கம் என்பதை மறக்க வேண்டாம். தலைகீழாகக் கட்டக் கூடாது.

2. முட்டையும் புழுவும் உள்ள குஞ்சு வதைகளைத் தெரிந்து, ஒவ்வொன்றையும் ஒரு சட்டத்தோடு ஈரமான வாழைநாரினாற் கட்டுங்கள். தேனீ ஓரிரு நாளில் வதையைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டு, நாரைக் கடித்து வெளியே போட்டுவிடும். இவ்வாறு மூன்று நான்கு வதைகளை வாசலுக்கு அருகே வரிசையாக வையுங்கள்.

3. தேன் நிறைந்த வதையைக் கட்ட வேண்டாம். பாரத்தால் விழும்; ஒழுகும்; எறும்பை அழைக்கும்.

4. தேனீக்களைச் சிரட்டையால் மெதுவாக அள்ளிப் பெட்டியில் விடுங்கள். இராணி மற்றவற்றிலும் நீளமானது. அதன் சிறகு உடலின் நுனிவரை எட்டாது. இராணி உள்ளே போய்விட்டால் மற்றவை தாமாகப் பின்தொடரும். வாசலில் சில தேனீக்கள் வாலை உயர்த்திச் சிறகடித்து நிற்பது நல்ல அடையாளம். கூட்டம் பழைய பொந்திலேயே திரண்டு நின்றால் இராணி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

5. சட்டங்களை இடைவெளியின்றி நெருக்கி மூடுங்கள். பழைய பொந்தை அடைத்துவிடுங்கள்.

குஞ்சு வதையை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணமுண்டு. வளர்க்க வேண்டிய புழு இருக்கும்போது தேனீ எளிதில் இடத்தை விட்டுப் போகாது. இராணி தவறிவிட்டாலும், புதிய முட்டையும் இளம்புழுவும் இருந்தால் வேலைக்காரத் தேனீக்கள் வேறோர் இராணியை வளர்த்துக்கொள்ளும். கிளையில் தொங்கிய வெறுந்திரளைப் பிடித்து வைத்தவருக்கு இந்தப் பிடிமானம் இல்லை. அவர் தேனீ வளர்க்கும் அயலவரிடம் ஒரு குஞ்சு வதையைக் கேட்டு வாங்கிக் கட்டுவது நல்லது.

முதல் மூன்று வாரம்

அன்று இரவே சீனிப்பாகு வையுங்கள். ஒரு பங்கு சீனி, ஒரு பங்கு கொதித்தாறிய நீர். சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காதபடி சிறு ஈர்க்குத் துண்டுகளை மிதக்கவிட்டு, பெட்டிக்குள் தடுப்புப் பலகைக்கு முன்னால் வைக்க வேண்டும். வெளியே சிந்தக் கூடாது. வெள்ளைச் சீனியே வேண்டும். பனங்கட்டி வயிற்றோட்டம் உண்டாக்கும். குடிப்பதைக் குறைக்கும்வரை ஒவ்வொரு மாலையும் கொடுங்கள். பாகு கொடுத்த காலத்தில் வதையிற் சேர்ந்ததைத் தேன் என்று விற்பது நேர்மையாகாது.

முதல் வாரம் பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள். மாலையிற் பாகு வைக்கும்போது கடைசிச் சட்டத்தை மட்டும் அசைத்து, வைத்தவுடன் மூடுங்கள். மற்ற நேரத்தில் வாசலைப் பாருங்கள். காலிலே மஞ்சள் உருண்டையாக மகரந்தம் சுமந்து தேனீ வந்தால் உள்ளே புழுவுக்கு உணவூட்டுகிறார்கள் என்று கொள்ளலாம்.

ஏழாம் நாள் மாலை, இரண்டு நிமிடம் மட்டும் திறந்து, வதை நேராக வளர்கிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் மென்மையாக இருக்கும்போதே விரலால் நேராக்கலாம். சட்டத்தை நேரே மேலே தூக்கி, நேரே கீழே இறக்குங்கள். பக்கவாட்டிற் சரித்தால் வதை அறுந்து விழும்.

பதினான்காம் நாள், எட்டுச் சட்டங்களும் நிரம்பும் நிலையிலிருந்தால் பின்பக்கமாக ஒன்றிரண்டு வெற்றுச் சட்டம் சேருங்கள். அடியில் விழுந்த மெழுகுத் தூளைத் துடையுங்கள். மெழுகுப்பூச்சி அதிற் பெருகும்.

வெறுந்திரளாக வந்த குடும்பம் மூன்றாம் வாரத்தில் மெலிந்தது போலத் தோன்றும். அஞ்ச வேண்டாம். முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர ஏறக்குறைய மூன்று வாரமாகும். அதற்கிடையில் முதிர்ந்தவை இறக்கின்றன. புதியவை இன்னும் பிறக்கவில்லை. இவ்வேளையிற் பாகு கொடுத்து, தொந்தரவு செய்யாமல் விட்டால் அடுத்த வாரத்திலிருந்து கூட்டம் பெருகும்.

போகப்போவதன் அறிகுறிகள்

மகரந்தம் வருவது நின்றுவிடும். வதையில் முட்டையோ புழுவோ இராது. சேமித்த தேன் விரைவாகக் குறையும். இவற்றைக் கண்டால் பெட்டியைக் கிளறாமல் நான்கு விடயங்களைப் பாருங்கள்: எறும்பு, வெயில், உணவு, மெழுகுப்பூச்சி. பெரும்பாலும் அவற்றில் ஒன்றே காரணம். அயல் தோட்டத்திற் பூச்சிநாசினி அடிப்பதாயின், பூக்காலத்தைத் தவிர்த்து, அந்திப் பொழுதில் அடிக்கும்படி அயலவரிடம் கேளுங்கள்.

தேனீ கொட்டினால் கொடுக்கை நகத்தால் வழித்து எடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஊர் திரும்பும்போது

சொந்தக் காணிக்குத் திரும்பும் நாள் வந்தால் குடும்பத்தையும் கொண்டு போகலாம். எல்லாத் தேனீயும் உள்ளே வந்த இரவிலே வாசலைக் கம்பி வலையால் அடையுங்கள். வண்டியில் வதைகள் ஓடும் திசைக்கு நேராக இருக்கும்படி வைத்து, மெதுவாகக் கொண்டு செல்லுங்கள். புதிய வதையோடும் பாரமான தேன் வதையோடும் கொண்டு செல்ல வேண்டாம். ஒரே கிராமத்துக்குள் சிறு தூரம் மாற்றினால் தேனீ பழைய இடத்துக்கே திரும்பிப்போய்த் தவிக்கும்; ஒவ்வொரு நாளும் ஓரிரு அடியாக நகர்த்த வேண்டும்.

குழுவாகக் கலந்துரையாடுக

1. எமது குடியிருப்பைச் சுற்றி எந்த மரம் எந்த மாதத்திற் பூக்கிறது? ஒன்றும் பூக்காத மாதம் எது? அம்மாதத்திற்கு என்ன செய்வோம்?

2. எமது குடியிருப்பில் முன்பு குடும்பம் பிடித்து வைத்து இழந்தவர் உண்டா? எறும்பு, வெயில், உணவு, மெழுகுப்பூச்சி, அடிக்கடி திறத்தல் இவற்றில் எது காரணமாக இருந்திருக்கும்?

3. புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு குஞ்சு வதை கொடுத்துதவ எமது குழு எவ்வாறு ஒழுங்கு செய்யலாம்?