300 மில்லிகிராம் பவுடரை எதில் அளப்பீர்கள்?

ஒரு 9 மில்லிமீட்டர் பிஸ்டல் தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து பொதுவாக 4 முதல் 6 கிரெயின். ஒரு கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம். கணக்குப் போட்டால் 300 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. மாத்திரைக் கம்பெனியில் ஒரு கேப்சூலுக்குள் போகும் பவுடரும் பல நேரம் இதே எடைதான். வைத்திக்குப்பத்தில் ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்துவிட்டு ஃபார்மா வேலைக்கும் அம்யூனிஷன் ஃபேக்டரி வேலைக்கும் சேர்த்தே அப்ளிகேஷன் போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இன்டர்வியூவுக்கும் ஒரே தயாரிப்பு போதும்.

ஆனால் வீட்டில் தோட்டா ரீலோட் செய்து பார்க்கும் ஆசை வேண்டாம். அமெரிக்காவில் அது கராஜில் நடக்கும் ஹாபி. இங்கே லைசென்ஸ் இல்லாமல் செய்தால் 1959 ஆயுதச் சட்டத்தின் பிரிவு 5 பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு. அந்த ஹாபிக்காரர்கள் பவுடர் மெஷரைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை மட்டும் கவனியுங்கள். காசில்லாத டிரெய்னிங் அது.

1. மெஷர் எடை போடாது. ஒரு குழியை நிரப்பிக் கொட்டும், அவ்வளவுதான். கூடைக் கணக்கில் மீன் ஏலம் எடுப்பது மாதிரி. வேலை வேகமாக முடியும்; கூடைக்குள் எத்தனை கிலோ என்பது மீனையும் அடுக்கிய கையையும் பொறுத்தது. அதனால் மெஷர் வாங்குகிறவர் தராசும் வாங்கியே ஆக வேண்டும். கேப்சூல் மெஷினின் டோசிங் டிஸ்க்கும் இதே ஜாதிதான். “எதில் அளப்பாய்?” என்று கேட்டால் “மெஷரில் அளந்து, தராசில் சரிபார்ப்பேன்” என்று சொல்லுங்கள்.

2. குழி சின்னதாக இருக்கட்டும். 0.1 கிரெயின் பிழை, 40 கிரெயின் போடும் ரைஃபிள் தோட்டாவில் கால் சதவீதம். 4.5 கிரெயின் பிஸ்டல் தோட்டாவில் அதே பிழை 2 சதவீதத்தைத் தாண்டும். ஆர்சிபிஎஸ் கம்பெனியின் யூனிஃப்ளோ மெஷருக்குப் பெரிய டிரம், சின்ன டிரம் என்று இரண்டு இருப்பது இதனால்தான்.

3. மெஷினைச் சொல்வதற்கு முன் பவுடரைக் கேளுங்கள். உருண்டை மணியாக இருக்கும் பால் பவுடர் தண்ணீராக இறங்கும். பெரிய செதில் பவுடர் குழியின் வாயிலேயே பாலம் கட்டி நின்றுவிடும்; ஒரு தோட்டாவுக்குக் குறைந்து அடுத்ததில் கூடும். ஃபார்மாவிலும் கிரானுல் ஓடும், நைஸ் பவுடர் ஒட்டும். “சார், பவுடர் எப்படி ஓடும்?” என்று திருப்பிக் கேட்கிற கேண்டிடேட் தனியாகத் தெரிவார்.

4. விலை அதிகமான மெஷினைச் சொல்லி இம்ப்ரெஸ் பண்ணப் பார்க்காதீர்கள். எலக்ட்ரானிக் டிஸ்பென்சர் ஒவ்வொரு சார்ஜையும், அதாவது ஒரு தோட்டாவுக்கான பவுடரை, எடை போட்டே தரும், ஆனால் மெதுவாகத் தரும். நூற்றுக்கணக்கில் சுடும் பிஸ்டல்காரருக்கு நல்ல சின்ன டிரம்மே போதும். புரொடக்‌ஷன் மேனேஜருக்கும் அவுட்புட் குறையக் கூடாது.

5. ஆளை எடைபோடும் இடம் இதுதான். ஹாப்பரில் பவுடர் மட்டம் ஒரே மாதிரி இருக்கிறதா? கைப்பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் இழுக்கிறீர்களா? முதல் பத்துச் சார்ஜைத் திரும்ப ஹாப்பரில் கொட்டிவிட்டு, அடுத்த பத்தை எடை போடுங்கள். பத்தையும் ஒன்றாகப் போட்டு வகுத்தால் சராசரி அழகாக வரும், ஏற்ற இறக்கம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். தனித்தனியாகப் போடுங்கள். இந்தியன் ஃபார்மகோப்பியா கேப்சூல்களைத் தனித்தனியாக எடை போடச் சொல்வதும் இதற்குத்தான். 300 மில்லிகிராமுக்குக் கீழே 10 சதவீதம், 300-ம் அதற்கு மேலும் 7.5 சதவீதம் வரை விலகலாம். 300க்கு அது 22.5 மில்லிகிராம். அமெரிக்க ஹாபிக்காரர் குறி வைப்பது 0.1 கிரெயின், அதாவது 6.5 மில்லிகிராம்! இந்த ஒப்பீட்டை இன்டர்வியூவில் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பிஸ்டல் தோட்டாவில் இன்னொரு ஆபத்து உண்டு: டபுள் சார்ஜ். சிறிய அளவு என்பதால் பல பவுடர்கள் ஒரே கேஸில் இரண்டு முறை விழுந்தாலும் வழியாது. சுட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம். பெரும்பாலும் நடுவில் யாரோ கூப்பிட்டுக் கவனம் சிதறும்போதுதான் இது நடக்கும். ஃபேக்டரி லைனிலும் அப்படித்தான்: சந்தேகம் வந்தால் நிறுத்தி, அந்த டிரேயைத் தனியே ஒதுக்கி, சூப்பர்வைசரைக் கூப்பிடுகிறவர் அன்றைய டார்கெட்டை இழப்பார். அடுத்த இன்க்ரிமென்ட்டில் அவர் பெயர்தான் முதலில் வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் லைனை அவர் கையில் நம்பிக் கொடுப்பார்கள்.

அரசுப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: பழைய ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரிகள் 2021 அக்டோபர் 1 முதல் ஏழு கம்பெனிகளாகிவிட்டன. கட்கி, வரண்காவ், நம் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி எல்லாம் மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ் வருகின்றன. ‘டேஞ்சர் பில்டிங் வொர்க்கர்’ நோட்டிஃபிகேஷன்களில் ஏஓசிபி (அட்டெண்டன்ட் ஆபரேட்டர் கெமிக்கல் பிளான்ட்) டிரேட் அப்ரென்டிஸ் முடித்தவர்களைத் தேடுகிறார்கள். பலவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமான டென்யூர் வேலை. எத்தனை ஆண்டு என்று படித்துவிட்டு அப்ளை செய்யுங்கள்.

ரெஸ்யூமேயில் ‘ஃபில்லிங் ஆபரேட்டர்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எடை எடுத்தீர்கள், விலகினால் எதைச் சரிசெய்தீர்கள் என்று இரண்டு வரி சேருங்கள். பழைய கம்பெனியின் பேட்ச் ரெக்கார்டை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டாதீர்கள். அங்கே சுட்டவர் இங்கேயும் சுடுவார் என்றுதான் ஹெச்ஆர் நினைக்கும்.